ரகசியக் குறிப்புகளுக்கு எந்த டிரைவ்?

வாசகர் கடிதம்: நான் மனநல ஆலோசகர். என்னிடம் வருகிறவர்களின் அமர்வுக் குறிப்புகள், மதிப்பீட்டுப் படிவங்கள், சில ஒலிப்பதிவுகள் எல்லாம் சேர்ந்து நூறு ஜிபிக்கு மேல் இருக்கின்றன. வாரத்தில் சில நாட்கள் மருத்துவமனையில் அவர்கள் தரும் விண்டோஸ் கணினியில் வேலை, மற்ற நாட்களில் வீட்டில் என் மேக் மடிக்கணினியில். இரண்டுக்கும் இடையே இத்தனை காலம் ஒரு சாதாரண பென் டிரைவைத்தான் எடுத்துப்போய் வந்தேன். அண்மையில் அது காணாமல் போய், தேடித் தேடிக் கடைசியில் பையின் உள்மடிப்பில் கிடைத்தது. கிடைக்கும்வரை தூக்கமே இல்லை. இனிமேல் பூட்டுள்ள டிரைவ்தான் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் தேடினால் கைரேகை வைத்துத் திறப்பது, எண் பலகை உள்ளது, பாஸ்வேர்டு மென்பொருளோடு வருவது என்று ஏகப்பட்ட வகைகள். எல்லாவற்றின் மேலும் 'ராணுவத் தர 256 பிட் குறியாக்கம்' என்று போட்டிருக்கிறது. கணினி தெரிந்த உறவினர் ஒருவர், 'இதெல்லாம் வீண் செலவு, இலவச மென்பொருளே போதும்' என்கிறார். எதை வாங்குவது? பாஸ்வேர்டை மறந்துவிட்டால் எல்லாம் போய்விடுமோ என்ற பயமும் இருக்கிறது.

பதில்:

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் சூழலுக்குப் பொருந்துவது, தன் மேலேயே எண் பலகை வைத்திருக்கிற, குறியாக்க வேலை முழுவதையும் தனக்குள்ளேயே செய்துகொள்கிற எஸ்எஸ்டி டிரைவ், அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கிற டிரைவ். கைரேகை வகை வேண்டாம். உங்கள் உறவினர் சொன்னது தவறில்லை. ஒரே கணினியில் வேலை செய்கிறவருக்கு அது நல்ல ஆலோசனை. உங்களுக்கும் அது ஓர் இடத்தில் உதவும், அதைப் பிறகு சொல்கிறேன்.

எதையும் வாங்குவதற்கு முன் மருத்துவமனையின் ஐடி பிரிவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வெளியிலிருந்து கொண்டுவரும் யூஎஸ்பி டிரைவ்களைப் பல நிறுவனங்கள் அடியோடு தடுத்து வைத்திருக்கும். சில நிறுவனங்கள் தாங்கள் ஒப்புக்கொண்ட மாடல்களை மட்டும் அனுமதிக்கும். நல்ல டிரைவை வாங்கிக்கொண்டு போய், அங்கே செருகினால் திறக்காது என்று தெரிந்தால் பணமும் போய், நீங்கள் திரும்பவும் பழைய வழிக்கே இறங்கிவிடுவீர்கள். அப்படித்தான் பலர் தங்களுக்குத் தாங்களே மின்னஞ்சலில் கோப்புகளை அனுப்பிக்கொள்ளத் தொடங்குகிறார்கள்.

அப்புறம், யாரிடமிருந்து காப்பது என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள். தொலைந்த டிரைவ் பெரும்பாலும் தற்செயலாகக் கண்டெடுக்கிறவர் கைக்குத்தான் போகும். அவர் செருகிப் பார்ப்பார், திறக்கவில்லை என்றால் அழித்துவிட்டுத் தன் படங்களை ஏற்றிக்கொள்வார். ஆனால் உங்களிடம் வருகிறவர்களில் விவாகரத்து வழக்கு நடத்துகிறவர்கள் இருப்பார்கள், குழந்தை யாரிடம் வளர்வது என்று நீதிமன்றத்தில் நிற்கிறவர்கள் இருப்பார்கள். அவர்கள் மனம் திறந்து உங்களிடம் சொன்னவற்றைப் படிக்க எதிர்த்தரப்பு பணம் செலவு செய்யத் தயாராக இருக்கலாம். அதனால் சும்மா செருகிப் பார்ப்பவரை மட்டும் நினைத்து நீங்கள் வாங்க முடியாது. விவரம் தெரிந்த ஒருவர் டிரைவைப் பிரித்து, உள்ளே இருக்கும் சிப்பிலிருந்து நேரடியாகப் படிக்க முயன்றாலும் அது தாங்க வேண்டும்.

இங்கேதான் பாஸ்வேர்டுக்கும் குறியாக்கத்துக்கும் உள்ள வேறுபாடு முக்கியமாகிறது. பாஸ்வேர்டு மட்டும் கேட்கும் பொருளில் தரவு உள்ளே அப்படியே கிடக்கும். நேர்வழியில் போகாமல் சுற்றிப் போனால் படித்துவிடலாம். குறியாக்கம் என்பது, சாவி எனப்படும் ரகசிய எண் இல்லாதவருக்குப் புரியாதபடி தரவையே மாற்றி எழுதுவது. அப்படிச் செய்த டிரைவில் சிப்பைக் கழற்றி எடுத்தாலும் பொருளற்ற பைட்டுகள்தான் கிடைக்கும். 2007இல் பிரிட்டனின் வருவாய், சுங்கத் துறை அனுப்பிய 2 குறுவட்டுகள் வழியில் தொலைந்தன. குழந்தைகளுக்கான உதவித்தொகை பெறும் குடும்பங்களைச் சேர்ந்த சுமார் 2.5 கோடிப் பேரின் விவரங்கள் அவற்றில் இருந்தன. பாஸ்வேர்டு போட்டிருந்தார்கள், குறியாக்கம் செய்யவில்லை. ஒரு நாடே பதறியதற்குக் காரணம் அதுதான். நீங்கள் பார்த்த டிரைவ்களில் மலிவான சில, கோப்புறையை மறைத்துவைக்கும் மென்பொருளைப் போட்டுவிட்டு 'பாதுகாப்பானது' என்று விற்கப்படுபவை. அவை இந்தக் குறுவட்டுகளின் நிலையில்தான் இருக்கின்றன.

சரி, 'ராணுவத் தர 256 பிட்' என்பது என்ன? ஏஇஎஸ் என்ற குறியாக்க முறையைத்தான் அப்படி அழைக்கிறார்கள். யோவான் டேமன், வின்சென்ட் ரைமன் என்ற இரண்டு பெல்ஜிய வல்லுநர்கள் உருவாக்கிய முறை அது. அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி 2001இல் அதைத் தரமாக அறிவித்தது. 2003இல் அந்த நாட்டு அரசு தன் மிக உயர்ந்த ரகசிய ஆவணங்களுக்கும் அதைப் பயன்படுத்தலாம் என்று ஒப்புக்கொண்டது. ராணுவம் என்ற சொல் விளம்பரங்களுக்குள் நுழைய அது வசதியாக இருந்தது. முறை உண்மையிலேயே வலிமையானது. ஆனால் உங்கள் கைபேசியிலும் அதேதான் இருக்கிறது, மிக மலிவான டிரைவிலும் அதேதான். நல்லதையும் மோசமானதையும் பிரித்தறிய அந்த வரி உதவாது.

ஏஇஎஸ்ஸை உடைத்து யாரும் டிரைவைத் திறப்பதில்லை. அதைச் சுற்றி நிறுவனம் என்ன கட்டியிருக்கிறது என்பதில்தான் ஓட்டை இருக்கும். நடந்த சில சம்பவங்களைச் சொல்கிறேன். இவற்றைத் தெரிந்துகொண்டால் எதை விசாரிக்க வேண்டும் என்பது தானாகவே புரிந்துவிடும்.

2010 ஜனவரியில் ஜெர்மனியின் சிஸ் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், கிங்ஸ்டன், சான்டிஸ்க், வெர்பாட்டிம் ஆகியவற்றின் சில பென் டிரைவ்களைத் திறந்து காட்டியது. மூன்றுமே 256 பிட் ஏஇஎஸ், மூன்றுக்குமே அரசுச் சான்று இருந்தது. பாஸ்வேர்டு சரியா என்று பார்த்தது டிரைவ் அல்ல, கணினியில் ஓடிய மென்பொருள். சரி என்று பட்டதும் அது டிரைவுக்கு ஒரு 'திற' செய்தியை அனுப்பும். பாஸ்வேர்டு எதுவாக இருந்தாலும் அந்தச் செய்தி மட்டும் எப்போதும் ஒன்றுதான். வாசலில் நிற்கும் காவலாளி ஒவ்வொருவரையும் கண்டிப்பாக விசாரித்துவிட்டு, கடைசியில் எல்லாருக்கும் ஒரே அனுமதிச் சீட்டைக் கொடுப்பது போன்றது அது. சீட்டு ஒருமுறை கைக்கு வந்துவிட்டால் காவலாளியிடம் போகவே வேண்டியதில்லை. அதனால்தான், பாஸ்வேர்டைக் கணினியில் தட்டச்சு செய்யச் சொல்கிற டிரைவ் என்றால் சோதனை எங்கே நடக்கிறது என்று முதலில் கேட்பேன்.

2018இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோ மேயர், பெர்னார்ட் வான் காஸ்டல் இருவரும் குருஷியல், சாம்சங் நிறுவனங்களின் எஸ்எஸ்டிகளை ஆராய்ந்தார்கள். சாம்சங்கின் டி3, டி5 என்ற கையடக்க டிரைவ்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. சில மாடல்களில் பயனர் போடும் பாஸ்வேர்டுக்கும் தரவைப் பூட்டியிருந்த சாவிக்கும் கணித ரீதியாக எந்தத் தொடர்பும் இல்லை. டிரைவுக்குள் இருந்து அதை இயக்கும் நிரலான ஃபர்ம்வேரைக் கொஞ்சம் மாற்றி எழுதினால், எந்தப் பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் 'சரி' என்று ஏற்றுக்கொண்டது. இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. விண்டோஸோடு வரும் குறியாக்க வசதியான பிட்லாக்கர், டிரைவ் தானே குறியாக்கம் செய்வதாகச் சொன்னால் நம்பி, தன் வேலையை அதனிடமே விட்டுவிட்டது. பிட்லாக்கர் போட்டிருக்கிறோம் என்று நிம்மதியாக இருந்தவர்களுக்குத் தங்கள் தரவு அந்த டிரைவின் தயவில் இருப்பது தெரியவில்லை. 2019இல் மைக்ரோசாஃப்ட் இந்த வழக்கத்தை மாற்றி, மென்பொருள் குறியாக்கத்தையே இயல்பு நிலையாக்கியது.

எண் பலகை வைத்திருந்தாலே போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். 2022இல் அதே சிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர் மத்தியாஸ் டீக், வெர்பாட்டிமின் எண் பலகை பென் டிரைவைப் பிரித்துப் பார்த்தார். ஏஇஎஸ்ஸை இசிபி என்ற மிகப் பழைய பாணியில் பயன்படுத்தியிருந்தார்கள். அந்தப் பாணியில் ஒரே மாதிரியான தரவுத் துண்டுகள் குறியாக்கத்துக்குப் பிறகும் ஒரே மாதிரியாகவே தெரியும். சேமிப்புச் சிப்பில் உள்ளதைப் பிரதி எடுத்து, பின் எண்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கணினியில் போட்டுப் பார்த்துச் சரியானதைக் கண்டுபிடிக்கவும் முடிந்தது. 20 முறை தவறினால் பூட்டிக்கொள்ளும் என்று விளம்பரத்தில் சொன்ன வசதி அவர் சோதித்த டிரைவில் வேலை செய்யவில்லை. அதே ஆய்வில் அதே நிறுவனத்தின் கைரேகை எஸ்எஸ்டியிலும் ஒத்த குறைகள் இருந்தன.

இந்தக் கடைசிச் சம்பவத்தை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் தேர்வு இதைச் சுற்றித்தான் இருக்கிறது. 8 இலக்கப் பின் எண்ணுக்கு மொத்தம் 10 கோடி வாய்ப்புகள். மனிதருக்கு அது பெரிய எண், கணினிக்குச் சிறியது. எண் பலகை டிரைவின் பாதுகாப்பு பின் எண்ணின் நீளத்தில் மட்டும் இல்லை. தவறான முயற்சிகளை எண்ணிக்கொண்டே வந்து, வரம்பு தாண்டியதும் சாவியையே அழித்துவிடும் சிப் ஒன்று உள்ளே இருக்க வேண்டும். அந்தச் சிப்பைச் சுற்றிப் போக வழி இருக்கக் கூடாது. நல்ல டிரைவ்களில் உள்பலகையின் மேல் கெட்டியான எப்பாக்ஸி பிசினை ஊற்றி மூடியிருப்பார்கள். சுரண்டி எடுக்கப் போனால் சிப்பே உடைந்துவிடும்.

இதையெல்லாம் நீங்கள் எப்படிச் சோதிப்பது? உங்களால் முடியாது, என்னாலும் ஒரு டிரைவை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் மூன்றாம் தரப்பு ஒன்று பிரித்துப் பார்த்திருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கிறது. இந்தத் துறையில் பரவலாக ஏற்கப்படுவது ஃபிப்ஸ் 140 என்ற அமெரிக்க அரசுத் தரம். இதன் 140-3 பதிப்பு 2019இல் வந்தது. முந்தைய 140-2 சான்றுகள் 2026 செப்டம்பர் 21க்குப் பிறகு நடப்புப் பட்டியலில் இருக்காது என்று என்ஐஎஸ்டி அறிவித்திருக்கிறது, ஆகவே புதிதாக வாங்குகிற நீங்கள் 140-3 உள்ளதா என்று பாருங்கள். தரத்துக்குள் 4 நிலைகள் உண்டு. உங்களுக்கு 3ஆம் நிலை வேண்டும். 2ஆம் நிலையில் யாரோ பிரித்தது தெரிந்தால் போதும், 3ஆம் நிலையில் பிரிக்கும் முயற்சியைப் பொருளே எதிர்க்க வேண்டும்.

பெட்டியில் உள்ள சொற்களைக் கவனமாகப் படியுங்கள். 'ஃபிப்ஸ் கம்ப்ளையன்ட்' என்று இருந்தால் நிறுவனம் தானே தனக்குக் கொடுத்துக்கொண்ட நற்சான்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஃபிப்ஸ் வேலிடேட்டட்' என்றால் ஒரு சான்று எண் இருக்கும். அந்த எண்ணை என்ஐஎஸ்டி இணையதளத்தில் போட்டால் மாடல் பெயர், வன்பொருள் பதிப்பு, ஃபர்ம்வேர் பதிப்பு எல்லாம் வரும். நீங்கள் வாங்கும் மாடல் அதில் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே குடும்பத்தில் ஒரு மாடலுக்குச் சான்று வாங்கிவிட்டு மற்றவற்றையும் அதன் நிழலில் விற்பது நடக்கிறது. 2010இல் சிக்கிய டிரைவ்களும் சான்று பெற்றவைதானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சான்று இருந்தும் பாஸ்வேர்டைச் சரிபார்த்த மென்பொருள் வழியாகத்தான் அவை உடைந்தன. எண் பலகை டிரைவில் பின் எண் கணினிக்குப் போவதே இல்லை என்பதால் அந்த வகை ஓட்டைக்கு இடமில்லை. சான்றையும் எண் பலகையையும் நான் சேர்த்தே கேட்பதற்கு இதுதான் காரணம்.

இந்த வகையில் அப்ரிகார்ன், ஐஸ்டோரேஜ், டேட்டாலாக்கர், கிங்ஸ்டனின் அயர்ன்கீ வரிசை ஆகியவை நீண்ட காலமாக இருக்கும் பெயர்கள். பெயரைப் பார்த்து வாங்காமல் மாடலையும் சான்று எண்ணையும் பார்த்து வாங்குங்கள். பழைய சரக்கோ இரண்டாம் கை டிரைவோ வேண்டவே வேண்டாம்.

இனி உறவினர் சொன்னதற்கு வருகிறேன். வெராகிரிப்ட் போன்ற மென்பொருள் உண்மையிலேயே சிறந்தது. அதன் மூல நிரல் திறந்தே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், பார்த்தும் இருக்கிறார்கள். சாதாரண டிரைவை வாங்கி அதைப் போட்டு நீளமான பாஸ்வேர்டு வைத்தால், மேலே சொன்ன வன்பொருள் ஓட்டைகள் எதுவும் உங்களைத் தொடாது. என் சொந்தத் தரவுக்கு நானே மென்பொருள் குறியாக்கத்தைத்தான் நம்புகிறேன். ஆனால் மருத்துவமனைக் கணினியில் வெராகிரிப்டை நிறுவவோ, நிறுவாமல் ஓட்டவோ, இரண்டுக்கும் நிர்வாகி உரிமை வேண்டும். அது உங்களிடம் இருக்காது. விண்டோஸின் பிட்லாக்கரால் பூட்டிய டிரைவை மேக் தானாகத் திறக்காது. மேக்கின் குறியாக்கத்தை விண்டோஸ் திறக்காது. இரண்டு கணினிகளுக்கு இடையே, அதிலும் ஒன்று உங்களுடையதல்லாத கணினி என்னும்போது, எண் பலகை டிரைவ்தான் சிக்கலில்லாமல் வேலை செய்யும். பின் எண்ணை அழுத்தினால் பூட்டு திறக்கும், அதன் பிறகு எந்தக் கணினிக்கும் அது ஒரு சாதாரண யூஎஸ்பி டிரைவாகத்தான் தெரியும்.

கைரேகையை ஏன் ஒதுக்கினேன் என்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ரேகை நீங்கள் தொட்ட இடத்திலெல்லாம் இருக்கிறது, அந்த டிரைவின் மேலேயே இருக்கிறது. திருட்டுப் போனால் மாற்ற முடியாது. பெரும்பாலான கைரேகை டிரைவ்களில் மாற்று வழியாக ஒரு பாஸ்வேர்டும் இருக்கும், ஆகவே ரேகை கூடுதல் பூட்டு அல்ல, கூடுதல் வாசல்தான்.

அளவைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம், 500 ஜிபி தாராளம். ஹார்டு டிஸ்க்கை விட எஸ்எஸ்டி கீழே விழுந்தால் தாங்கும். இரண்டு கணினிகளிலும் எழுத எக்ஸ்ஃபேட் வடிவத்தில் ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள். ஒன்று மட்டும், எக்ஸ்ஃபேட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கினால் கோப்புகள் கெட்டுப்போக வாய்ப்பு அதிகம். முறையாக 'இஜெக்ட்' கொடுத்துவிட்டே எடுங்கள்.

இப்போது மறதி. உங்கள் பயம் சரியான பயம், அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். ஸ்டெஃபான் தாமஸ் என்ற நிரலாளரின் கதை 2021இல் உலகம் முழுவதும் பேசப்பட்டது. 7,002 பிட்காயின்களுக்கான சாவி அவருடைய அயர்ன்கீ டிரைவுக்குள் இருக்கிறது. பாஸ்வேர்டு எழுதிய தாள் தொலைந்துவிட்டது. 10 தவறான முயற்சிகளுக்குப் பிறகு டிரைவ் தன்னை அழித்துக்கொள்ளும். அப்போதே 8 முயற்சிகள் தீர்ந்திருந்தன. நல்ல டிரைவ் உங்களையும் அந்நியராகத்தான் நடத்தும். நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கெஞ்சினாலும் திறந்து தர முடியாது. திறந்து தருகிறோம் என்று அவர்கள் சொன்னால் அந்த டிரைவை நீங்கள் வாங்கியிருக்கவே கூடாது.

மறதியைவிட அடிக்கடி நடப்பது டிரைவ் பழுதாவது. தரவு மீட்பு வேலையில் என்னிடம் வந்தவற்றில் மிகவும் வருத்தம் தந்தவை இவைதான். சாதாரண டிரைவில் யூஎஸ்பி பலகை எரிந்துபோனால் உள்ளே இருக்கும் சேமிப்புப் பகுதியை வேறு பலகையில் பொருத்திப் படிக்க ஒரு வாய்ப்பு உண்டு. குறியாக்க டிரைவில் சாவி அந்தப் பலகையில் உள்ள சிப்பில் இருக்கும். பலகை போனால் தரவும் போயிற்று. பின் எண் சரியாக நினைவிருந்தும், பணம் கொடுக்கத் தயாராக இருந்தும், ஒன்றும் செய்ய முடியாது என்று ஒருவரிடம் சொல்வது கடினமான வேலை. எனவே இந்த டிரைவில் இருப்பது ஒரு பிரதி மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பிரதிக்குத்தான் உறவினரின் யோசனை. வீட்டில் வைக்க ஒரு சாதாரண டிரைவ் வாங்குங்கள். மேக்கின் டிஸ்க் யூட்டிலிட்டியில் அதை முழுவதும் அழித்து, ஏபிஎஃப்எஸ் என்க்ரிப்டட் என்ற வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும், கூடுதல் செலவு இல்லை. அது வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. வாரம் ஒருமுறை எண் பலகை டிரைவில் உள்ளதை அதற்கு நகல் எடுங்கள்.

அந்தப் பிரதிக்குப் பாஸ்வேர்டு நீளமாக இருக்க வேண்டும், ஏனென்றால் அங்கே முயற்சிகளை எண்ணும் சிப் கிடையாது. 1995இல் ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் சொன்ன டைஸ்வேர் முறையை நான் இன்றும் பரிந்துரைக்கிறேன். 7,776 சொற்கள் கொண்ட பட்டியலில் இருந்து, பகடையை ஐந்து முறை உருட்டி வரும் எண்ணுக்கான சொல்லை எடுப்பது. இப்படி ஆறு சொற்கள். நீங்களாக யோசித்து எடுக்கும் ஆறு சொற்களில் உங்கள் பழக்கவழக்கம் ஒளிந்திருக்கும், பகடைக்குப் பழக்கம் இல்லை. தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்ய நினைத்தால் ஒரு எச்சரிக்கை: ழகரமும் நெடிலும் வரும் சொற்களைத் தவிருங்கள். ஆறு மாதம் கழித்து அதை எந்த எழுத்துகளில் அடித்தோம் என்று தடுமாறுவீர்கள்.

டிரைவின் பின் எண்ணுக்கு 10 அல்லது 12 இலக்கம் வையுங்கள். பிறந்த நாள், தொலைபேசி எண், பலகையில் நேர்க்கோட்டில் வரும் எண்கள் எதுவும் வேண்டாம். எத்தனை இலக்கம் என்பதைக்கூட யாரிடமும் சொல்லாதீர்கள். 2022இல் ஜப்பானின் அமாகசாகி நகரில், 4.6 லட்சம் குடிமக்களின் விவரங்கள் இருந்த யூஎஸ்பி டிரைவை ஒப்பந்த ஊழியர் ஒருவர் தொலைத்துவிட்டார். குறியாக்கம் செய்திருந்தது நல்லதாயிற்று. ஆனால் செய்தியாளர் சந்திப்பில் அதிகாரிகள் பாஸ்வேர்டில் 13 எழுத்துகள் என்று சொல்லிவிட, ஆங்கில எழுத்தில் ஊர்ப் பெயரோடு ஆண்டைச் சேர்த்தால் 13 வருகிறதே என்று மக்கள் ஊகிக்கத் தொடங்கிவிட்டார்கள். டிரைவ் பின்னர் கிடைத்துவிட்டது.

பெரும்பாலான எண் பலகை டிரைவ்களில் நிர்வாகி பின், பயனர் பின் என்று இரண்டு வைக்கலாம். தினமும் பயனர் பின்னைப் பயன்படுத்துங்கள். நிர்வாகி பின்னையும் வீட்டுப் பிரதியின் பாஸ்வேர்டையும் தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, டிரைவ் இருக்கும் இடத்திலிருந்து வேறு இடத்தில் வையுங்கள். தாளில் எழுதுவதா என்று தயங்க வேண்டாம். உங்கள் பையைத் திருடுகிறவர் உங்கள் அலமாரிக்குள் இருக்கும் உறையைத் திருடப்போவதில்லை.

உறையின் இன்னொரு பிரதியை யாரிடம் கொடுப்பது? வழக்கமாக நான் வாழ்க்கைத் துணையிடமோ பிள்ளைகளிடமோ கொடுக்கச் சொல்வேன். உங்கள் விஷயத்தில் வேண்டாம். உங்களுக்குத் திடீரென்று உடல்நலம் குன்றினால் உங்களிடம் வருகிறவர்களை யாராவது ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும், அவர்களுக்குக் குறிப்புகள் தேவைப்படும். உங்களைப் போலவே ரகசியக் காப்புக்குக் கட்டுப்பட்ட சக ஆலோசகர் ஒருவரிடம் மூடிய உறையைக் கொடுத்துவையுங்கள். டிரைவ் அவரிடம் இருக்காது, உறை மட்டும்.

டிரைவ் பூட்டியிருக்கும்போது மட்டும்தான் குறியாக்கம் காக்கிறது. திறந்து செருகிவிட்டால் அந்தக் கணினி பார்ப்பதை எல்லாம் அதில் உள்ள வைரஸும் பார்க்கும், தொலைவிலிருந்து நிர்வகிக்கும் ஐடி ஊழியரும் பார்க்க முடியும். ஒரு கோப்பை டிரைவிலிருந்தே திறந்தாலும் வேர்டு தற்காலிகப் பிரதி ஒன்றைக் கணினியில் வைக்கலாம், அண்மையில் திறந்தவை என்று வாடிக்கையாளரின் பெயரோடு பட்டியலில் காட்டும். எனவே கோப்புப் பெயரில் ஆளின் பெயர் வேண்டாம், குறியீட்டு எண் போதும். மருத்துவமனையில் படிக்க மட்டும் வேண்டிய நாட்களில் டிரைவை 'ரீட் ஒன்லி' நிலைக்கு மாற்றிச் செருகுங்கள், அந்தக் கணினியில் இருக்கும் எதுவும் உங்கள் டிரைவில் எழுத முடியாது. சில நிமிடம் பயன்படுத்தாவிட்டால் தானே பூட்டிக்கொள்ளும் வசதியையும் இயக்கிவிடுங்கள். வீட்டு மேக்கில் ஃபைல்வால்ட், அதாவது மேக்கின் வட்டு முழுவதையும் குறியாக்கம் செய்யும் வசதி, போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் டிரைவுக்குச் செய்யும் இத்தனையும் பாதிக் காரியம்தான்.

இன்னொன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: நூறு ஜிபியும் தினம் உங்களோடு வர வேண்டுமா? அந்த வாரம் பார்க்கப்போகிறவர்களின் குறிப்புகள் மட்டும் எண் பலகை டிரைவில் இருக்கட்டும். மற்றவை வீட்டில் இருக்கும் குறியாக்கப் பிரதியிலேயே இருக்கலாம், அப்படிச் செய்தால் அவற்றுக்காக வீட்டில் வைக்கும் டிரைவ்களை இரண்டாக்கிக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவுகளைக் குறிப்பெடுத்த பின்னும் வைத்திருக்க வேண்டிய கட்டாயம் உங்கள் தொழில் விதிகளில் இல்லையென்றால் அழித்துவிடுங்கள். கையில் இல்லாததைத் தொலைக்க முடியாது.

டிரைவ் வந்ததும் தரவை ஏற்றிவிடாதீர்கள். பிரிட்டனின் சிறைத் துறை, ஒரு டிரைவ் தொலைந்த அனுபவத்துக்குப் பிறகு, 2012இல் தன் சிறைகளுக்குக் குறியாக்க வசதியுள்ள ஹார்டு டிஸ்க்குகளை வாங்கிக் கொடுத்தது. அந்த வசதியைக் கையால் இயக்க வேண்டும் என்பது யாருக்கும் தெரியவில்லை. 2013இல் அவற்றில் ஒன்று தொலைந்தபோது அதில் 2,935 கைதிகளின் விவரங்கள் பூட்டில்லாமல் இருந்தன. நீதி அமைச்சகத்துக்கு 1,80,000 பவுண்டு அபராதம். ஆகவே முதல் நாளில் வெறும் டிரைவோடு உட்காருங்கள். தொழிற்சாலையில் வைத்த பின் எண் இருந்தால் மாற்றுங்கள். ஏதாவது ஒரு சாதாரணக் கோப்பைப் போட்டு, கழற்றி, பின் எண் கொடுக்காமல் செருகிப் பாருங்கள், கணினிக்கு டிரைவே தெரியக் கூடாது. பின் எண்ணை வேண்டுமென்றே தவறாக அழுத்தி வரம்பைத் தாண்டுங்கள். உள்ளே இருப்பது உண்மையில் அழிகிறதா என்று பார்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து அமைத்து, அதன் பிறகு உங்கள் கோப்புகளை ஏற்றுங்கள்.

உங்கள் பழைய பென் டிரைவ் இன்னும் மேசையில்தான் கிடக்கும் என்று நினைக்கிறேன். அதை ஃபார்மேட் செய்து யாருக்கும் கொடுக்க வேண்டாம். ஃபிளாஷ் நினைவகம் தேய்மானத்தைப் பரப்புவதற்காக எழுதும் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். நீங்கள் அழித்ததாக நினைக்கும் கோப்பின் பழைய பிரதி உங்களுக்கு எட்டாத மூலையில் இருக்கக்கூடும், சிப்பிலிருந்து நேரடியாகப் படிக்கும் கருவியோடு வருகிறவருக்கு அது எட்டும். புதிய டிரைவிலும் வீட்டுப் பிரதியிலும் எல்லாக் கோப்புகளும் திறக்கின்றனவா என்று சரிபார்த்த பிறகு, பழைய பென் டிரைவின் உறையைக் கழற்றி, உள்ளே இருக்கும் கறுப்புச் சிப்பைச் சுத்தியலால் உடைத்துவிடுங்கள். உறையையும் உலோக முனையையும் மட்டும் உடைத்தால் போதாது, சிப் இரண்டு மூன்று துண்டாக வேண்டும். மருத்துவமனைக் கணினியில் எப்போதாவது நகல் எடுத்து வைத்த கோப்புகள் இருந்தால் அவற்றை நீங்களே அழிக்க முயலாமல், அந்த இடத்தைத் துடைத்துத் தரும்படி ஐடி பிரிவிடம் எழுத்து மூலம் கேளுங்கள்.